திட்டினால் அவர்தான்

திங்கட்கிழமை முதல் மணி அடிக்க எட்டு நிமிடம் இருக்கும்போது, மண்ணூர்ப் பள்ளியின் ஆசிரியர் அறையில் இருபத்து மூன்று போன்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சத்தம் போட்டன. எல்லாருக்கும் ஒரே மெயில். அனுப்பியவர் தாளாளர் காசிராஜன்.

"நீங்களெல்லாம் சம்பளம் வாங்க மட்டும்தான் லாயக்கு. இன்று மதியத்துக்குள் கீழே உள்ள லிங்கில் போய் உங்கள் மெயில் பாஸ்வேர்டைப் பதிவு செய்யாதவர்கள் நாளை கேட்டுக்கு வெளியே நின்றுகொள்ளலாம். ஏன் எதற்கு என்று கேட்டுக்கொண்டு எவரும் என் ரூமுக்கு வர வேண்டாம்."

வணக்கம் இல்லை. கீழே பெயர்கூட இல்லை.

எல்லாரும் மதிவதனியைப் பார்த்தார்கள். மதிவதனிதான் கம்ப்யூட்டர் ஆசிரியை. இரண்டு நாள் முன்னால், சனிக்கிழமை, இவர்களை எல்லாம் லேபில் உட்காரவைத்து ஃபிஷிங் மெயில் என்றால் என்ன, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று வகுப்பு எடுத்திருந்தாள். போர்டில் ஐந்து அடையாளங்கள் எழுதிப் போட்டிருந்தாள். அவசரப்படுத்தும். பயமுறுத்தும். பெயர் சொல்லிக் கூப்பிடாது. லிங்கை அழுத்தச் சொல்லும். பாஸ்வேர்டு கேட்கும். இதில் இரண்டு இருந்தாலே கையை எடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தாள்.

கணக்கு ஆசிரியை சசிரேகா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்.

"அஞ்சும் இருக்குது மிஸ்."

"இருக்கும். அந்தக் கணக்குல பாத்தா பதினோரு வருஷமா இவரு அனுப்பின அத்தனை மெயிலும் ஃபிராடு மெயில்தான்."

மதிவதனி அதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை. காசிராஜன் நிலம் விற்ற காசில் பள்ளிக்கூடம் கட்டியவர். நிலம் போனாலும் பண்ணையாளைக் கூப்பிடும் குரல் போகவில்லை. வாயால் திட்டி ஓய்ந்த நேரத்தில் மெயிலில் திட்டுவார். பாஸ்வேர்டு விஷயமும் புதிதில்லை. ஒவ்வொரு பருவம் தொடங்கும்போதும் ஒரு நீள நோட்டு வகுப்பு வகுப்பாக வரும். அதில் எல்லாரும் தங்கள் பாஸ்வேர்டை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பாஸ்வேர்டு என்பது ரகசியம் சார் என்று மதிவதனி ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். என் பள்ளிக்கூடத்தில் எனக்குத் தெரியாத ரகசியம் உனக்கு எதுக்கு என்று கேட்டுவிட்டார்.

அவள் அனுப்பியவரின் முகவரியை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தாள். அவருடையதேதான்.

"நோட்டுக்கு பதிலா இப்ப லிங்க். அவ்ளோதான்" என்றாள்.

"நிச்சயமா தெரியுமா மிஸ்?"

"திட்டுறாரு இல்ல? அப்ப அவருதான். போட்டுடுங்க."

போட்டார்கள். வேன் டிரைவர் சின்னப்பையனுக்கும் பள்ளி மெயில் உண்டு, டிரிப் ஷீட் அனுப்புவதற்காக. அவன் போனைத் தூக்கிக்கொண்டு லேபுக்கே வந்து நின்றான். அவனுக்கு மதிவதனியே பாஸ்வேர்டை அடித்துக் கொடுத்தாள்.

அந்த வாரம் அவள் யாரோடும் சண்டை போடுவதில்லை என்று முடிவு செய்திருந்தாள். அது அவளுக்கு எளிதான காரியம் இல்லை. ஒரகடத்தில் ஒரு கம்பெனியின் பயிற்சி மையத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அசல் சான்றிதழ்களோடு போய் நிற்க வேண்டும். அசல் எல்லாம் காசிராஜனின் பீரோவுக்குள் இருந்தன. வேலையில் சேரும் அன்றே எல்லாரிடமும் வாங்கி, பழுப்புக் கவரில் போட்டு, மேலே பெயர் எழுதிப் பூட்டிவிடுவது அந்தப் பள்ளியின் வழக்கம். பாதியில் எவரும் ஓடிவிடக்கூடாதாம். இருபது வயதில் கண்விழித்துப் படித்து வாங்கிய பட்டத்தை அடுத்தவன் பீரோவில் வைத்துவிட்டு, அவனிடமே கைகட்டி நிற்பதை நினைத்தால் அவளுக்கு வயிறு எரியும். ஆறு மெயில் போட்டாள். மூன்று முறை நேரிலும் கேட்டாள். வருஷம் முடியட்டும் பார்க்கலாம் என்ற பதிலே திரும்பத் திரும்ப வந்தது.

வியாழக்கிழமை பதினொன்றே காலுக்கு அவளுக்கு மட்டும் ஒரு மெயில் வந்தது.

"அன்புள்ள மதிவதனி அவர்களுக்கு, வணக்கம். பதினோரு ஆண்டுகளாக நம் பள்ளிக்கு நீங்கள் ஆற்றிவரும் பணிக்கு மனமார்ந்த நன்றி. உங்கள் அசல் சான்றிதழ்களைத் திருப்பித் தர ஏற்பாடு செய்துள்ளோம். தாமதத்துக்கு வருந்துகிறேன். கீழே உள்ள படிவத்தில் தங்கள் ஆதார், வங்கி விவரங்களை அளித்து உதவவும். அன்புடன், காசிராஜன்."

படித்து முடித்தவள் நன்றி என்ற இடத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி படித்தாள். நன்றி என்ற சொல்லை அந்தப் பள்ளிக்கூடத்தில் அவள் ஆண்டு விழா மேடையில் மட்டும்தான் கேட்டிருந்தாள், அதுவும் மைக் செட்காரருக்குச் சொன்னது. அடுத்த நொடியே கோபம் வந்தது. எவனோ ஒரு திருடன் எழுதிய பொய்க்காகத் தன் கண் கலங்கியதே என்ற கோபம். அவள் முகவரியைப் பார்க்கவே இல்லை. பார்க்க என்ன இருக்கிறது? 'வருந்துகிறேன்' என்று காசிராஜன் எழுதுவாரா?

இப்படிப்பட்ட மெயிலுக்குப் பதில் போடக்கூடாது என்பது சனிக்கிழமைப் பாடத்தின் கடைசி வரி. அவள் பதில் போட்டாள்.

"அடேய் திருடா, ஊரை ஏமாற்ற வருகிறவன் முதலில் ஆளைத் தெரிந்துகொண்டு வா. எங்கள் தாளாளர் பிறந்தது முதல் எவருக்கும் நன்றி சொன்னதில்லை. பிரசவ லீவு கேட்டால் உனக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்கிற மனிதர் அவர். காய்ச்சலில் கிடந்தவளை விடைத்தாள் திருத்த வேனை அனுப்பித் தூக்கி வரச் சொன்னவர். எங்கள் படிப்பைப் பீரோவில் பூட்டிவைத்து எங்களை அடிமையாக நடத்துகிறவர். அவர் பேரில் மரியாதையாக எழுத உனக்கு வெட்கமாக இல்லை? அவர் எழுதினால் முதல் வரியிலேயே திட்டு இருக்கும். போய் நன்றாகப் படித்துவிட்டு வா."

அனுப்பியதும் உடம்பு லேசானது. பதினோரு வருடத்தில் அவளுக்கு இவ்வளவு நல்ல பசி எடுத்ததில்லை. சாப்பாட்டு மணியில் எலுமிச்சை சாதத்தைத் திறந்துவைத்துக்கொண்டு சசிரேகாவிடம் எல்லாவற்றையும் பெருமையாகச் சொன்னாள்.

"அட்ரஸ் பாத்தீங்களா மிஸ்?" என்று சசிரேகா கேட்டாள்.

மதிவதனி இடது கையால் போனை எடுத்துப் பார்த்தாள். எழுத்து எழுத்தாகப் பார்த்தாள். திங்கட்கிழமை மெயில் வந்த அதே முகவரி. ஒரு புள்ளிகூட மாறவில்லை. வாய்க்குப் போன சாதம் பாதி வழியில் நின்றது.

சசிரேகாவுக்கு இன்னொன்றும் ஞாபகம் வந்தது. போன வாரம் தாளாளர் இரண்டு நாள் மாமல்லபுரத்தில் ஏதோ முகாமுக்குப் போய்வந்தார். ஊழியர்களை மதித்து வேலை வாங்குவது எப்படி என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்களாம். யோசித்துப் பார்த்தால் பத்து நாளாக அசெம்பிளியில்கூட அவர் சத்தம் கேட்கவில்லை.

"திருந்திட்டாரு போல மிஸ்" என்றாள்.

திருந்துவதற்கு அந்த மனிதனுக்கு வேறு வாரமே கிடைக்கவில்லையா என்று மதிவதனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் நன்றி சொல்லியிருக்கிறார், அவரை அவள் அடேய் திருடா என்று கூப்பிட்டிருக்கிறாள். பீரோ இனி திறக்குமா?

ஒரே ஒரு வழிதான் இருந்தது. தாளாளர் மெயில் பார்ப்பது மதியத் தூக்கம் முடிந்து மூன்று மணிக்கு. அதற்குள் சரிசெய்துவிட வேண்டும். அவள் இரண்டாவது மெயில் போட்டாள். என் மெயிலை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள், சற்றுமுன் வந்த கடிதம் நான் எழுதியதல்ல, பொறுத்தருள வேண்டும் என்று. ஹேக் ஆனால் அலுவலகத்துக்கு ஒரு நகல் அனுப்ப வேண்டும் என்று சனிக்கிழமை அவளேதான் விதி போட்டிருந்தாள். கை பழக்கத்தில் நகலையும் அனுப்பிவிட்டது.

அலுவலகத்தில் கிளார்க் தணிகாசலம் இருந்தார். சனிக்கிழமை வகுப்பில் முழுக்கத் தூங்காமல் குறிப்பெடுத்த ஒரே ஆள். அவர் நோட்டைப் புரட்டினார். ஹேக் ஆன கணக்கை உடனே முடக்கு என்றிருந்தது, முடக்கினார். எல்லாருக்கும் தெரிவி என்றிருந்தது, தெரிவித்தார். ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் தடித்த எழுத்தில் வந்தது: "எச்சரிக்கை. கம்ப்யூட்டர் மிஸ் மெயில் ஹேக் ஆகிவிட்டது. அவரிடமிருந்து எது வந்தாலும் நம்ப வேண்டாம்."

ஐந்து நிமிடத்தில் பதினான்கு பேர் கைகூப்பிப் படம் போட்டார்கள். பி.டி. மாஸ்டர் மட்டும், அப்படியானால் சனிக்கிழமை வகுப்பு செல்லுமா, அதற்கு ஈடாக லீவு கிடைக்குமா என்று கேட்டிருந்தார்.

மதிவதனி அலுவலகத்துக்குப் போய் மேஜையைத் தட்டினாள். முடக்கத் தெரிந்தவருக்கு எடுத்துவிடத் தெரியாதா என்று கேட்டாள். தணிகாசலம் கோபித்துக்கொள்ளவில்லை. முடக்கத்தான் மிஸ் பட்டன் இருக்குது, எடுக்கறதுக்கு ஓடிபி வேணும், அது சாம்சன் நம்பருக்குப் போவும் என்றார்.

சாம்சன் பழைய கிளார்க். போன வருடமே வேலையை விட்டு ஒரகடத்தில் ஒரு ஃபேக்டரி லைனுக்குப் போய்விட்டான். நம்பரை மாற்றச் சொன்னால் தாளாளர் சம்மதிக்கவில்லை. அவன் சர்ட்டிபிகேட் என் பீரோவில் இருக்கிறது, எங்கே போவான், திரும்பி வருவான் என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த ஓடிபி கிடைத்தால் தன் கணக்கை மட்டுமில்லை, பள்ளியில் எவர் கணக்கையும் திறக்கலாம். தாளாளரின் மெயில் பெட்டிக்குள் போய், அடேய் திருடாவை மட்டும் எடுத்துவிட்டு வந்துவிடலாம். இதற்குப் பெயர் என்ன என்று மதிவதனிக்குத் தெரியும். சனிக்கிழமை அதற்குத் தனியாக ஒரு பக்கமே ஒதுக்கியிருந்தாள். ஆனால் சனிக்கிழமை அவள் சான்றிதழுக்கு ஆபத்து இல்லை.

அவள் லேபுக்குத் திரும்பி, ஓடிபி கேட்டுப் பட்டனை அழுத்தினாள். சாம்சனுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினாள், மறுபடி போன். ஆறாவது தடவைதான் உறைத்தது. சாம்சனுக்குக் காலை ஷிப்ட். அவன் கம்பெனியில் போனை கேட்டிலேயே லாக்கரில் வாங்கி வைத்துவிடுவார்கள், ஷிப்ட் முடிந்துதான் தருவார்கள். பள்ளிக்கூடத்தின் மொத்த பாதுகாப்பும் ஒரு ஃபேக்டரி கேட்டில், இரும்புப் பெட்டிக்குள் அடித்துக்கொண்டிருந்தது.

இரண்டே முக்காலுக்குக் கம்பெனி பஸ்ஸிலிருந்து சாம்சன் கூப்பிட்டான். மதிவதனி குரலைத் தணித்துக்கொண்டாள். காரியம் ஆக வேண்டுமே.

"சாம்சன், எப்டிப்பா இருக்க? வேலையெல்லாம் நல்லா போவுதா? உனக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும். கொஞ்சம் படிச்சி சொல்றியாப்பா?"

"யாருங்க நீங்க?"

"நான்தாம்பா, மதிவதனி மிஸ்."

"மதிவதனி மிஸ்ஸு இப்டி பேச மாட்டாங்க. எங்க கம்பெனியில மாசாமாசம் கிளாஸ் எடுக்கறாங்க, கொரல மாத்திகூட ஏமாத்துவாங்களாம். பத்து நாளா ஓடிபி மேல ஓடிபியா வந்துகினு கீது. இப்ப போன் வேற பண்றியா?"

பத்து நாள் என்றது அவள் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. மணி இரண்டு ஐம்பது. பொறுமை அதற்கு மேல் அவளிடம் இல்லை.

"டேய், நாப்பது பசங்க ஹால் டிக்கெட்ல பொறந்த தேதிய தப்பா அடிச்சிட்டு, ஒன்னும் தெரியாத மாதிரி டீ குடிக்கப் போனவன் தானடா நீ? ரெண்டு நாள் உக்காந்து அத சரி பண்ணினவ நானு. அறிவு கெட்டவனே, நம்பர சொல்றா."

"ஐயோ, நீங்களா மிஸ்" என்றான் சாம்சன். அவன் குரலில் நிஜமான நிம்மதி இருந்தது. "மொதல்லியே திட்டியிருந்தா தெரிஞ்சிருக்குமே."

நம்பரைச் சொன்னான். அவள் அடித்தாள். பலமுறை ஓடிபி கேட்டதால் இருபத்து நான்கு மணி நேரம் கழித்து வரவும் என்று திரை சொன்னது.

அவள் கீபோர்டைத் தூக்கி மேஜையில் வைத்தாள். வைத்தாள் என்று சொல்வது மரியாதைக்கு. இரண்டு எழுத்துகள் தெறித்து விழுந்தன. அப்போது சின்னப்பையன் வாசலில் வந்து நின்றான்.

"மிஸ், ஐயா இட்டார சொன்னாரு. மெயில் விசயமாம். கதவ சாத்திக்கினு உக்காந்துகினு கீறாரு. மூஞ்சே நல்லா இல்ல."

மணி மூன்று ஐந்து.

லேபிலிருந்து தாளாளர் அறைக்கு அறுபது அடி இருக்கும். முதல் இருபது அடிக்கு அவளுக்குப் பயமாக இருந்தது. அதற்கப்புறம் எட்டாம் வகுப்பு ஜன்னலைத் தாண்டும்போது பயம் விட்டுப்போனது. எதற்குப் பயப்பட வேண்டும்? எழுதியதில் எந்த வரி பொய்? காய்ச்சலில் வேன் அனுப்பியது பொய்யா? தன் சொந்தச் சான்றிதழைக் கேட்க, மதியத்திலிருந்து பொய் சொல்லி, ஹேக் ஆனேன் என்று ஊருக்கெல்லாம் அறிவித்து, கடைசியில் ஓடிபி திருடும் அளவுக்குத் தன்னைக் கொண்டுவந்து நிறுத்தியது யார்? அவள் கதவைத் தட்டாமலே திறந்தாள்.

காசிராஜன் கத்தவில்லை. மேஜையின்மேல் பழுப்புக் கவர் இருந்தது. அதில் அவள் பெயர். கிழிக்கப்போகிறார் என்று அவள் நினைத்தாள்.

"ஒக்காரும்மா" என்றார். பதினோரு வருடத்தில் அந்த நாற்காலி அவளுக்குக் காட்டப்பட்டதில்லை. "மெயில் விசயம்... எப்டி சொல்றதுன்னு தெரியல..."

"நானே சொல்றேன் சார்."

நின்றபடியே சொன்னாள். ஹேக்கும் இல்லை ஒன்றும் இல்லை, எழுதியது நான்தான் என்றாள். ஒரு வரியும் விடாமல் மறுபடி சொன்னாள். பிரசவ லீவைச் சொன்னாள், வேனைச் சொன்னாள், பாஸ்வேர்டு நோட்டைச் சொன்னாள். மெயிலில் விட்டுப்போனதையும் சேர்த்துக்கொண்டாள். மழை பெய்தால் ஏழாம் வகுப்பில் பிள்ளைகள் பெஞ்சுமேல் ஏறி நின்று படிப்பதை, ஆசிரியைகளுக்கென்று ஒரு கழிப்பறை கேட்டு நான்கு வருடம் ஆனதை. "அடிமைன்னு எழுதினேன். அது தப்பு சார். அடிமைகிட்ட பட்டம் இருக்காது, பூட்டி வெக்க" என்று முடித்தாள்.

எல்லாரும் இப்படித்தான் நினைக்கிறார்களா என்று காசிராஜன் கேட்டார்.

"நான் கொஞ்சம் கொறச்சிதான் சொல்லியிருக்கேன் சார்."

அவர் எதையோ சொல்ல வந்து விழுங்கினார். கவரை அவள் பக்கம் தள்ளினார். அவள் அங்கேயே பிரித்து, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலிருந்து பட்டம்வரை எண்ணிப் பார்த்து, மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கதவைச் சாத்தும்போதுகூட அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

நாலே காலுக்கு அவள் வேனில் ஏறினாள். கோபம் முழுக்கத் தீர்ந்திருந்தது. பதினோரு வருடக் கோபம் தீர்ந்தால் உள்ளே இவ்வளவு இடம் இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. பிள்ளைகள் ஏறும்வரை சின்னப்பையன் ஸ்டீரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"இன்னா மிஸ், ஐயா மேட்டரு சரி ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சி. என் மெயில படிச்சிட்டு ஆடிப்போயிட்டாரு."

"அத எப்டி மிஸ் படிப்பாரு?" சின்னப்பையன் திரும்பினான். "அவரு மெயிலே பத்து நாளா தொறக்கலியே."

மதிவதனி கவரை மடியில் வைத்தாள்.

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான். தாளாளருக்குக் 'கல்விப் பேரொளி' விருது தருகிறோம் என்று ஒரு மெயில் வந்ததாம். பாஸ்வேர்டு போட்டு ஏற்றுக்கொள்ளச் சொன்னதாம். ஸ்ரீபெரும்புதூரில் ஸ்டூடியோவுக்குப் போய், மாலையோடு போட்டோ எடுத்துக்கொண்டு, திரும்பி வரும் வழியில் இதே வேனில் உட்கார்ந்துதான் பாஸ்வேர்டைப் போட்டாராம். அதோடு சரி, மெயில் அவர் கையை விட்டுப் போய்விட்டது. திறந்து பார்க்க வழியில்லை, வெளியே சொல்லவும் வெட்கம். தினமும் எதையோ அழுத்திப் பார்த்துவிட்டு நொந்துபோய் உட்கார்ந்திருப்பாராம். கடைசியில் இன்று காலை, கம்ப்யூட்டர் மிஸ்ஸிடம் சான்றிதழைக் கொடுத்து, யாருக்கும் தெரியாமல் சரிசெய்து தரும்படி கெஞ்சிக் கேட்டுக்கொள்ளலாம் என்று அவரே பீரோவைத் திறந்தாராம்.

"யாரான்டயும் சொல்ல கூடாதுன்னுதான் சொன்னாரு. நீங்கதான் சரி பண்ணிட்டீங்களே, அதான் சொன்னேன்" என்றான் சின்னப்பையன்.

அவன் வண்டியைக் கிளப்பினான். கேட்டைத் தாண்டி மெயின் ரோட்டில் ஏறும்போது என்னவோ யோசனை வந்து, கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தான்.

"அப்ப திங்கக்கெழம நம்ம எல்லாரையும் திட்டி பாஸ்வேர்டு கேட்டாரே, அது யாரு மிஸ்?"